நுங்கம்பாக்கத்தில் கண்ட ஐந்து கோள்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கம் என்பது வானிலை அறிக்கையில் அடிக்கடி காதில் விழும் பெயர். மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை, நுங்கம்பாக்கத்தில் இத்தனை என்று ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம். மழையை அளக்கும் அந்தக் கல்லூரிச் சாலை வளாகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் மதராஸ் வானாய்வகத்தை நிறுவியது. அதன் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு இன்றும் அங்கே நிற்கிறது.

1861க்கும் 1885க்கும் இடையில் இந்த வளாகத்திலிருந்து சூரியனைச் சுற்றும் ஐந்து புதிய பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏசியா, சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். அன்றைய வானியலாளர்கள் அவற்றைச் சிறிய கோள்கள் என்றே எழுதினார்கள். இன்று எந்தப் பள்ளிப் புத்தகத்தின் கோள் பட்டியலிலும் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அவற்றை நீக்கச் சொல்லி யாரும் கூட்டம் போடவில்லை, வாக்கெடுப்பும் நடத்தவில்லை.

கோள் எது என்பதை வானியலாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் 2006இல் பிராக் நகரில் புளூட்டோவைப் பற்றி நடந்த வாக்கெடுப்பைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு நாளை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பது என் உறுதியான எண்ணம். முடிவு எடுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டது. அதற்கான மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று நம் நுங்கம்பாக்கத்துக் கண்டுபிடிப்புகளிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த ஆய்வைப் புளூட்டோவிலிருந்து தொடங்காமல் ஏசியாவிலிருந்து தொடங்குகிறேன்.

1861 ஏப்ரல் 17

நார்மன் போக்சன் 1861இல் மதராஸ் அரசு வானியலாளராகப் பொறுப்பேற்றார். இங்கிலாந்தில் இருந்தபோதே ஐசிஸ், அரியாட்னி, ஹெஸ்டியா என்ற மூன்று சிறுகோள்களைக் கண்டவர் அவர். வந்த ஆண்டிலேயே, ஏப்ரல் 17 அன்று, நான்காவதைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். வரிசையில் அது 67ஆவது.

ஒளிப்படத் தட்டுகள் இந்த வேலைக்கு வராத காலம் அது. வானத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மங்கலான விண்மீன்களையெல்லாம் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். பிறகு தொலைநோக்கியில் அதே பகுதியைப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதாவது தென்படுகிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தென்பட்டால் அடுத்த இரவும் பார்க்க வேண்டும். விண்மீன்களுக்கு நடுவே அது நகர்ந்திருந்தால் சூரியனைச் சுற்றும் ஒன்று சிக்கியிருக்கிறது என்று பொருள். வெவ்வேறு இரவுகளில் குறைந்தது மூன்று இடங்களை அளந்துவிட்டால் சுற்றுப்பாதையைக் கணக்கிடலாம். கடலோர ஊரின் ஈரக் காற்றிலும் மேகத்திலும் இந்த வேலையைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்த வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர் அவர். 1874இல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடக்கவிருந்ததை இந்திய மொழிகள் பலவற்றில் எழுதி மக்களுக்கு விளக்கினார். போக்சனுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இந்த ஊரில் கிடைக்கவில்லை.

போக்சனைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஒரு விண்மீனின் ஒளித்தரம் ஒரு படி குறைந்தால் அதன் ஒளி 2.512 மடங்கு குறைகிறது என்ற அளவுகோலை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அதை 1856இல் முன்வைத்தவர் அவர்தான். 36 சிறுகோள்கள் அடுத்த ஆண்டில் மாதந்தோறும் எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்று கணக்கிடும்போதுதான் அந்த எண் அவருக்குத் தேவைப்பட்டது. கோள் பட்டியலில் இன்று இடமில்லாத அந்தச் சிறிய பொருள்கள் வானியலுக்குக் கொடுத்த கொடை அது.

67ஆவது இடம் எப்படி வந்தது

1801 ஜனவரி 1 அன்று, இத்தாலியின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாட்சி ஒரு புதிய புள்ளியைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சூரியனிலிருந்து ஏறத்தாழ 2.8 வானியல் அலகு தொலைவில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பலரும் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரமே ஒரு வானியல் அலகு. பியாட்சி கண்ட சீரீஸ் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. அதைக் கோள் என்று ஏற்க யாருக்கும் தயக்கம் இல்லை. சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்தபோது, இருந்த சில அளவீடுகளை வைத்தே ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டார். அந்தக் கணக்குச் சொன்ன இடத்தில் அதே ஆண்டு டிசம்பரில் அது மீண்டும் அகப்பட்டது.

சிக்கல் 1802 மார்ச்சில் தொடங்கியது. ஏறத்தாழ அதே தொலைவில் ஜெர்மன் வானியலாளர் ஒல்பர்ஸ் இன்னொன்றைக் கண்டார். அதற்குப் பல்லாஸ் என்று பெயரிட்டார். அதன் பாதை மற்றக் கோள்களின் தளத்திலிருந்து 34 பாகைக்கும் மேல் சாய்ந்திருந்தது. ஒரு கோள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் என்ன செய்வது? வில்லியம் ஹெர்ஷெல் அதே ஆண்டில் சொல்லிவிட்டார்: இவை மிகச் சிறியவை, தொலைநோக்கியில் வட்டாகத் தெரியாமல் விண்மீன் போலப் புள்ளியாகவே தெரிகின்றன, இவற்றைத் தனி வகையாக வைக்க வேண்டும். அவர் பேச்சை அன்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1804இல் ஜூனோவும் 1807இல் வெஸ்டாவும் வந்தன. அவற்றையும் கோள்களாகவே எண்ணினார்கள். ஒவ்வொன்றுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் உள்ளதுபோலத் தனிக் குறியீடும் கொடுத்தார்கள்.

பிறகு 38 ஆண்டுகள் புதிதாக எதுவும் அகப்படவில்லை. 1845 டிசம்பரில் ஐந்தாவதாக அஸ்ட்ரேயா வந்தது. 1847இல் ஒரே ஆண்டில் மூன்று. 1852 முடியும்போது மொத்தம் 23. புதிய குறியீடு வரைவது இயலாத வேலையாகிப்போனது. வட்டத்துக்குள் எண்ணைப் போட்டு எழுதும் வழக்கம் 1850களில் வந்தது. பெரிய கோள்களை ஒரு பட்டியலிலும் இவற்றை வேறொரு பட்டியலிலும் அச்சிட்டார்கள். ஏசியாவுக்கு 67 என்ற எண் கிடைத்தது இந்த இரண்டாவது பட்டியலில்தான்.

இந்தப் பிரிவினையைச் செய்ய யாரும் ஒரு வரையறையை எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளவு இத்தனை கிலோமீட்டருக்குக் கீழே என்றோ, உருண்டையாக இல்லை என்றோ அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்தப் புள்ளிகளின் வடிவம் அன்றைய தொலைநோக்கிகளுக்கு எட்டவில்லை. அவர்களிடம் இருந்தவை பாதைகள் மட்டுமே. ஒரே பட்டையில் பல பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் பிரித்தார்கள்.

ஒரே தடத்தில் இரண்டு

போக்சன் 1866 மே 16 அன்று சில்வியாவையும், 1868 நவம்பர் 17 அன்று கமில்லாவையும் கண்டார். இரண்டுக்கும் நடுவே இரண்டரை ஆண்டுகள். சில்வியாவின் சராசரித் தொலைவு 3.48 வானியல் அலகு, கமில்லாவினுடையது 3.49. இரண்டும் சூரியனைச் சுற்றி வர ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் ஆகும். குறுக்களவில் சில்வியா ஏறத்தாழ 270 கிலோமீட்டர், கமில்லா 250 கிலோமீட்டர். பாதையின் சாய்வும் இரண்டுக்கும் பத்துப் பதினொரு பாகை.

சைதாப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில், பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இந்த விவரங்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்தேன். ஓர் அட்டைக்கு ஒரு பொருள். பெயர் கிடையாது. தொலைவு, சுற்றும் காலம், குறுக்களவு, நிறை, சாய்வு மட்டும் உண்டு. பூமி, செவ்வாய், வியாழன், நெப்டியூன், சீரீஸ், புளூட்டோ, நம் ஊர்ப் பொருள்கள் எல்லாம் கலந்து கிடந்தன. கோள் எது என்று முன்கூட்டியே தெரியாதவர்போல, இவற்றை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

முதலில் எல்லாக் குழுக்களும் குறுக்களவைத்தான் பிடித்துக்கொண்டன. கோட்டை எங்கே போடுவது என்பதில் சண்டை வந்தது. ஆயிரம் கிலோமீட்டரா, இரண்டாயிரமா? ஆயிரம் என்ற எண்ணுக்கு என்ன மரியாதை என்று ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி. கிலோமீட்டர் என்பதே மனிதர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட அளவு.

அப்போது ஒரு மாணவி இரண்டு அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சார், இரண்டும் ஒரே பொருளா? தவறுதலாக இரண்டு தடவை எழுதிவிட்டீர்களா?”

“இல்லையம்மா, இரண்டும் வேறு வேறு.”

“தூரமும் ஒன்றாக இருக்கிறது, காலமும் ஒன்றாக இருக்கிறது. அப்படியானால் ஒன்று மற்றொன்றை ஏன் தள்ளிவிடவில்லை?”

அவள் கையில் இருந்தவை சில்வியாவும் கமில்லாவும். இந்த முழு விவகாரத்தின் உயிர்நாடியான கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். தள்ளிவிடும் வலிமை அவற்றுக்கு இல்லை. சில்வியாவின் நிறை பூமியின் நிறையில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். பக்கத்தில் ஒன்று கடந்து போனாலும் அதன் பாதையைத் திருப்ப அந்த ஈர்ப்பு போதாது. அதனால் அந்தப் பட்டையில் இருக்கும் எல்லாமே ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சுற்றுகின்றன. அவற்றை ஆட்டிவைப்பது வெளியே 5.2 வானியல் அலகில் இருக்கும் வியாழன்தான். பூமியின் தடத்தில் பூமி அளவுக்கு இன்னொன்று இப்படி நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருக்க முடியாது. மோதியிருக்கும், அல்லது தூக்கி எறியப்பட்டிருக்கும்.

அந்த மாணவியின் குழு அதன் பிறகு அட்டைகளை வேறு விதமாக அடுக்கியது: தன் தடத்தில் தனியாக இருப்பவை ஒரு பக்கம், கூட்டத்தோடு இருப்பவை இன்னொரு பக்கம். 1850களின் வானியலாளர்கள் செய்ததும் இதுவே.

புளூட்டோவுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்

1930 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டார். பூமியைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று அங்கே இருக்கும் என்பது அந்த வானாய்வகத்தை நிறுவிய பெர்சிவல் லோவெலின் எதிர்பார்ப்பு. கிடைத்தது மங்கலான ஒரு புள்ளி. இருந்தாலும் பக்கத்தில் வேறெதுவும் இல்லாததால் அதைக் கோள் என்றார்கள். நிறை மட்டும் ஒவ்வொரு மறுகணக்கிலும் குறைந்துகொண்டே வந்தது. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் துணைக்கோளான சாரனைக் கண்ட பிறகுதான் சரியாக எடைபோட முடிந்தது. பூமியின் நிறையில் ஏறத்தாழ 460இல் ஒரு பங்குதான். நம் நிலவைவிடச் சிறியது.

இங்கே முக்கியமானது காலக்கணக்கு. சீரீஸுக்கு ஓராண்டிலேயே துணை வந்துவிட்டது. புளூட்டோவுக்கு அடுத்தபடியாக, சாரனைத் தவிர, நெப்டியூனுக்கு அப்பால் ஒரு பொருள் அகப்பட 62 ஆண்டுகள் ஆயின. 1992 ஆகஸ்டில் ஹவாய்த் தீவின் மவுனா கேயாவிலிருந்து டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் அதைக் கண்டார்கள். அந்த 62 ஆண்டுகளில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் ஒன்பது கோள்கள் என்று மனப்பாடம் செய்துவிட்டார்கள். புளூட்டோவின் மேல் மக்களுக்கு இருக்கும் பாசத்துக்குக் காரணம் அதன் இயல்பு அல்ல. அதன் அண்டை அயலைப் பார்க்கும் கருவிகள் தாமதமாக வந்ததே காரணம்.

1992க்குப் பிறகு கதை வேகமெடுத்தது. ஆண்டுதோறும் பல பொருள்கள் வந்தன. அவற்றில் பல, புளூட்டோவைப் போலவே, நெப்டியூன் மூன்று சுற்றுச் சுற்றும் நேரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றின. நெப்டியூனின் ஈர்ப்பு போட்ட தாளத்துக்கு அவை எல்லாம் கட்டுப்பட்டவை. 2005 ஜூலையில் மைக்கேல் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூவரும் ஈரிஸை அறிவித்தார்கள். குறுக்களவில் அது புளூட்டோவைவிடச் சற்றே சிறியது, நிறையில் 27 சதவீதம் கூடுதல் என்பது பின்னால் தெளிவானது. புளூட்டோ கோள் என்றால் ஈரிஸும் கோள்தான். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

இந்த இடத்தில் நுங்கம்பாக்கத்து இழை ஒன்று வந்து சேர்கிறது. 2001 பிப்ரவரியில் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் சில்வியாவைச் சுற்றும் ஒரு சிறு துணைக்கோளைக் கண்டவர்கள் இதே மைக்கேல் பிரவுனும் ழான் லுக் மார்கோவும். 2004இல் இன்னொன்று அகப்பட்டது. இரண்டு துணைக்கோள்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் நம் சில்வியா. அவை சுற்றும் வேகத்திலிருந்துதான் சில்வியாவின் நிறையே நமக்குத் தெரிந்தது. மேலே நான் கொடுத்த நான்கு லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அதிலிருந்து வந்ததே. பிரவுன் பின்னால் புளூட்டோவின் இடத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினார். மார்கோ செய்ததைக் கீழே சொல்கிறேன்.

பிராக், 2006 ஆகஸ்ட்

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுச்சபை கூடியது. ஆகஸ்ட் 16 அன்று வந்த முதல் வரைவு உருண்டை வடிவத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தது. தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகி, விண்மீனைச் சுற்றுவது எதுவோ அது கோள். அதன்படி சீரீஸ், சாரன், ஈரிஸ் சேர்ந்து கோள்கள் 12 ஆகியிருக்கும். இயக்கவியல் படித்தவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். உருகுவே நாட்டின் ஹூலியோ பெர்னாண்டஸ் முன்னின்ற மாற்று வரைவு, பாதையில் ஆதிக்கம் செலுத்துவதை முன்வைத்தது. ஒரு வாரத்துக்கும் மேல் வாக்குவாதம் நடந்தது. ஆகஸ்ட் 24 அன்று மஞ்சள் அட்டைகளை உயர்த்தி வாக்களித்தார்கள்.

நிறைவேறிய தீர்மானத்தில் மூன்று நிபந்தனைகள். சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பால் ஏறத்தாழ உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை இருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாதவை குறுங்கோள்கள். குறுங்கோள்களையும் கோள்களில் ஒரு வகையாக வைக்க வழிசெய்யும் திருத்தம் ஒன்றும் வந்தது. அது தோற்றது. அடுத்த மாதமே புளூட்டோவுக்கு 134340 என்ற எண் கொடுக்கப்பட்டது. ஏசியாவுக்கு 67 கிடைத்த அதே வரிசையில்.

ஓட்டுப் போட்டு அறிவியலைத் தீர்மானிக்கலாமா என்று ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அந்தப் பள்ளியில் என்னிடம் கோபமாகக் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒன்பதாயிரம் பேருக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள அமைப்பில், கடைசி நாள்வரை தங்கியிருந்த 424 பேர்தான் வாக்களித்தார்கள். அவசரமாக எழுதிய வாசகமும் மோசமானது. துப்புரவாக்குவது என்றால் எவ்வளவு? வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் சேர்ந்து பயணிக்கின்றன. பூமியின் பாதையைக் கடப்பவையும் ஏராளம். சொல்லளவில் படித்தால் பூமியும் செவ்வாயும் வியாழனும் நெப்டியூனும்கூடத் தேறா என்று, புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத் திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் சொன்னதை எளிதில் ஒதுக்க முடியாது.

ஆனால் அந்த ஆசிரியரிடம் நான் சொன்னது இதுதான்: ஐயா, வாக்கெடுப்பு பெயரைப் பற்றியது. பெயர் பிரிக்கும் இடைவெளி இயற்கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஓர் எண்

ழான் லுக் மார்கோ 2015இல் அந்தக் கணக்கை எளிமையாக்கினார். சூரியனைச் சுற்றும் பொருளின் நிறையைப் பூமியின் நிறை 1 என்று வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவை வானியல் அலகில் எடுத்து, அதன் 9/8 அடுக்கைக் கண்டு, நிறையை அதனால் வகுத்து, 807ஆல் பெருக்குங்கள். விடை 1க்கு மேல் வந்தால், சூரியனின் ஆயுட்காலத்துக்குள் தன் தடத்தை வசப்படுத்திக்கொள்ளும் வலிமை அந்தப் பொருளுக்கு உண்டு. 1க்குக் கீழே என்றால் இல்லை. அறிவியல் கால்குலேட்டர் உள்ள எந்த மாணவரும் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். அன்று வகுப்பில் போட்டார்கள்.

பூமிக்கு 810க்குப் பக்கத்தில் வருகிறது. வியாழனுக்கு 40,000. புதனுக்கு ஏறத்தாழ 130. எட்டுக் கோள்களில் மிகவும் கீழே இருப்பது செவ்வாய்: 54. அதற்கு அடுத்தபடியாக வருவது சீரீஸ்: 0.04. புளூட்டோ: 0.028. சில்வியாவின் நிறையை வைத்து அதே சூத்திரத்தைப் போட்டால் எனக்கு ஏறத்தாழ 0.0005 வருகிறது. ஏசியா வெறும் 58 கிலோமீட்டர் குறுக்களவு உடையது, சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் தூரம். அதன் எண் சில்வியாவினுடையதைவிடவும் பல மடங்கு சிறியது.

54க்கும் 0.04க்கும் நடுவே யாரும் இல்லை. ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வெற்றிடம். கோட்டை 1இல் போட்டாலும் சரி, 10இல் போட்டாலும் சரி, 0.1இல் போட்டாலும் சரி, அதே எட்டுத்தான் மேலே நிற்கும். அட்டைகளை வைத்துக்கொண்டு ஆயிரமா இரண்டாயிரமா என்று சண்டை போட்ட பிள்ளைகள் இந்த எண்களைக் கரும்பலகையில் பார்த்ததும் அமைதியாகிவிட்டார்கள். கோடு தானாகவே தெரிந்தது.

உருண்டை வடிவத்தை அளவுகோலாக வைத்தால் இந்த வசதி இல்லை. சனியின் துணைக்கோள் மிமாஸ் 396 கிலோமீட்டர் குறுக்களவில் உருண்டையாக இருக்கிறது. நெப்டியூனின் புரோட்டியஸ் 420 கிலோமீட்டர் இருந்தும் கோணல்மாணலாக இருக்கிறது. 525 கிலோமீட்டர் உள்ள வெஸ்டா பாதி உருண்டை. ஒரு பேரடி விழுந்து அதன் தென்பகுதி சிதைந்திருப்பதை 2011இல் அங்கே போன டான் விண்கலம் காட்டியது. இன்னொரு சிறுகோளான ஹிஜியா வெஸ்டாவைவிடச் சிறியது, ஆனால் அதைவிட உருண்டை என்று 2019இல் தெரிந்தது. பனியா பாறையா, சூடாக இருந்ததா, எதுவாவது மோதியதா என்பதைப் பொறுத்து வடிவம் மாறுகிறது. சிறியதிலிருந்து பெரியதுவரை ஒரே தொடர்ச்சி. நடுவில் வெட்டுவதற்கு இடமே இல்லை. அதோடு, தொலைவில் உள்ள பொருளின் வடிவத்தைப் பார்ப்பது மிகக் கடினம். பாதையை அளப்பதோ போக்சனாலேயே முடிந்தது.

மறுதரப்பு

கோள்களின் நிலவியலைப் படிப்பவர்கள் பலர் இதை ஏற்பதில்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைவிட அது என்ன என்பதே முக்கியம் என்கிறார்கள். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவைக் கடந்தபோது அனுப்பிய படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும். நைட்ரஜன் பனி மெதுவாகக் கொதித்துப் புரளும் சமவெளி, அதன் ஓரத்தில் மூவாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த தண்ணீர்ப் பனி மலைகள், நீல நிற மெல்லிய மூட்டம். உயிர்ப்புள்ள ஓர் உலகம் அது. 2017இல் கிர்பி ரன்யனும் சிலரும் முன்வைத்த வரையறைப்படி, தன் ஈர்ப்பால் உருண்டையான எதுவும் கோள்தான். நம் நிலவும் சனியின் துணைக்கோள் டைட்டனும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவை சேரும்.

பிலிப் மெட்ஸ்கரும் மற்றவர்களும் எழுப்பிய வரலாற்று வாதமும் கவனத்துக்கு உரியது. சிறுகோள்களை 1950கள்வரை ஆய்வுக் கட்டுரைகளில் கோள்கள் என்றே அழைத்துவந்தார்கள், பாதையைப் பார்த்து 1850களில் நீக்கினார்கள் என்பது பின்னால் கட்டிய கதை என்கிறார்கள் அவர்கள். அழைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டியல்கள் பிரிந்தது 1850களில். 67 என்ற எண்ணே அதற்குச் சாட்சி. பூமிக்கும் சனிக்கும் யாரும் அப்படி எண் போட்டதில்லை.

என் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. ஒரு பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்பவருக்கு உருண்டை வடிவம் பயனுள்ள பிரிவு. சூரியக் குடும்பம் எப்படி உருவானது, ஏன் இப்படி அமைந்தது என்று கேட்பவருக்குப் பாதையின் ஆதிக்கமே பதில் தருகிறது. பள்ளியில் ஒரு பிள்ளை சூரியக் குடும்பத்தின் படத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான். ஆகவே எட்டு என்பதைச் சொல்லித்தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதைக் காரணமே சொல்லாமல் மனப்பாடம் செய்யவைப்பதில்தான் எனக்கு வருத்தம். புளூட்டோவை நீக்கிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம். சீரீஸும் ஏசியாவும் சில்வியாவும் அந்த வகுப்பறைக்குள் வருவதே இல்லை. தங்கள் ஊரிலிருந்தே ஐந்து பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டதும், 1988இல் காவலூரிலிருந்து கண்ட 4130ஆவது சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டதும் தெரியாமலே சென்னைப் பிள்ளைகள் பள்ளியை முடிக்கிறார்கள்.

இன்னும் முடியாத பகுதி

2006 தீர்மானம் சூரியனைச் சுற்றுபவற்றுக்கு மட்டும் பொருந்தும். பிற விண்மீன்களைச் சுற்றும் 5,000க்கும் மேற்பட்ட உலகங்கள் இன்று உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 2019இல் இந்தியா சந்தமசா என்று பெயர் சூட்டியது. அதன் விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாகப் பிபா என்று பெயர். 2006 வாசகத்தை அப்படியே படித்தால் சந்தமசா கோள் ஆகாது. அவற்றுக்கு ஒன்றியம் தனியாக ஒரு செயல்முறை வரையறையை வைத்திருக்கிறது. மேல் எல்லை வியாழனைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு நிறை, அதற்கு மேல் உள்ளே டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் எரியத் தொடங்கிவிடும்.

இரண்டையும் ஒன்றாக்க 2024இல் மார்கோ, பிரெட் கிளாட்மன், டோனி யாங் மூவரும் ஒரு வரைவைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு கேப் டவுனில் கூடிய பொதுச்சபையில் அது பேசப்பட்டது. விண்மீனையோ அதன் எச்சத்தையோ சுற்ற வேண்டும், நிறை 10இன் 23ஆம் அடுக்கு கிலோகிராமுக்கு மேலாகவும் 13 வியாழன் நிறைக்குக் கீழாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உருண்டை என்ற நிபந்தனை போய்விட்டது. துப்புரவு என்ற தெளிவற்ற சொல்லும் போய்விட்டது. அளக்கக்கூடிய எண்கள் வந்துவிட்டன. வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. நடந்தால் இந்தப் பக்கம் நிற்பேன்.

வகுப்பில் கடைசியாகப் போட்ட கணக்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நெப்டியூனுக்கு வெகு அப்பால் பெரிய கோள் ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று கான்ஸ்டான்டின் பட்டீகினும் மைக்கேல் பிரவுனும் 2016 முதல் வாதிட்டுவருகிறார்கள். இதுவரை அகப்படவில்லை. நிறை பூமியைப் போல் 5 மடங்கு, தொலைவு 500 வானியல் அலகு என்று வைத்துக்கொள்வோம் என்றேன். 5ஐ 500இன் 9/8 அடுக்கால் வகுத்து 807ஆல் பெருக்கினார்கள். முன்வரிசையிலிருந்து 3.7 என்று குரல் வந்தது. அட்டைகளைக் கொண்டுவந்த அந்த மாணவி, அதே பொருளை எவ்வளவு தொலைவு தள்ளிக்கொண்டு போனால் விடை 1க்குக் கீழே இறங்கும் என்று மணி அடித்த பிறகும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1,600 வானியல் அலகுக்குச் சற்று அப்பால் என்று அவளுக்கு விடை வந்தது.